அழிய மறுத்த ஃபைல்கள்: ஒரு டிரைவைச் சுத்தம் செய்த பதிவு

கம்ப்யூட்டரின் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கில் இடம் தீர்ந்துவிட்டது. பல வருடங்களாக அதில் சேர்ந்து கிடந்தவை ஏராளம்: பழைய விண்டோஸ் நிறுவலின் மிச்சம், அன்இன்ஸ்டால் செய்த பிறகும் தங்கிவிட்ட புரோகிராம் ஃபோல்டர்கள், பாதியில் நின்ற டவுன்லோடுகள், வேறு கம்ப்யூட்டர்களிலிருந்து வந்த பாடல் தொகுப்புகள். வேண்டியதைத் தனி ஃபோல்டரில் ஒதுக்கிவிட்டு மற்றதை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து டெலிட் கொடுத்தேன். பெரும்பகுதி போய்விட்டது. சில மட்டும் நகரவே இல்லை. ஒவ்வொன்றும் மறுத்ததற்கு வேறு வேறு காரணம் இருந்தது. அந்தச் சிலவற்றை எப்படி அழித்தேன் என்பதுதான் இந்தப் பதிவு.

இப்படி ஒரு ஃபைல் மாட்டிக்கொண்டால் பலரும் முதலில் சொல்லும் யோசனை, ஏதாவது ஓர் அன்லாக்கர் டூலை இறக்கிப் போடு என்பது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்கிருந்தோ இறக்கிய ஒரு புரோகிராமுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் கொடுத்து, எதையும் கேட்காமல் அழி என்று விடுவது பெரிய ஆபத்து. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஃபைல் அழியவில்லை என்பது ஒரே பிரச்சினை அல்ல. யாரோ அதைத் திறந்து வைத்திருக்கலாம். உரிமை இல்லாமல் இருக்கலாம். அதன் பெயரையே விண்டோஸால் சரியாகப் படிக்க முடியாமல் போகலாம். பாதை மிக நீளமாக இருக்கலாம். டிஸ்க்கிலேயே பழுது இருக்கலாம். எது என்று தெரிந்துகொண்டால், விண்டோஸோடு வரும் கருவிகளே பெரும்பாலும் போதும்.

எது என்று கண்டுபிடிக்கப் பிழைச்செய்தியை முழுதாகப் படிக்க வேண்டும். விண்டோஸ் காட்டும் நீளமான பிழை எண் 8007 என்று தொடங்கினால், அதன் கடைசி நான்கு இலக்கங்கள் பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண். 80070020 என்றால் கடைசியில் உள்ள 20-ஐப் பத்தடிமானத்துக்கு மாற்றினால் 32. அதன் பொருள், வேறு புரோகிராம் ஃபைலைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. 80070005 என்றால் 5, அனுமதி மறுப்பு. 80070091 என்றால் 145, ஃபோல்டர் காலியாக இல்லை. 80070570 என்றால் 1392, ஃபைலோ ஃபோல்டரோ சிதைந்து படிக்க முடியாமல் இருக்கிறது. கட்டளைகளுக்கான கறுப்புச் சாளரமான கமாண்ட் பிராம்ப்ட்டில் நெட் ஹெல்ப்எம்எஸ்ஜி என்று தட்டி, இடைவெளி விட்டு, பத்தடிமான எண்ணைக் கொடுத்தால் அதற்கான விளக்கத்தை விண்டோஸே காட்டும். இந்த ஒன்று தெரிந்திருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

இன்னொரு விஷயம். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். சாய்கோடு, பின்சாய்கோடு, மேற்கோள் குறி எல்லாம் இங்கே உள்ளபடியே வரும். கட்டளைகளில் ஈ: என்று வருவது நான் சுத்தம் செய்த அந்த இரண்டாவது டிரைவின் எழுத்து.

முதலில் பேக்கப்

வேண்டிய எல்லாவற்றுக்கும் வேறொரு டிஸ்க்கில் நகல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். கமாண்ட் பிராம்ப்ட்டில் அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும்.

நகல்தான் இருக்கிறதே, டிரைவை ஃபார்மேட் செய்துவிட்டால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடுமே என்று கேட்கலாம். அந்தப் பார்ட்டிஷனில் எதுவுமே வேண்டாம் என்றால் அதுதான் சரியான வழி. கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் முறையான ஃபைல் சிஸ்டத்தில் இருப்பவை. ஃபார்மேட் செய்தால் எல்லாம் ஒன்றாகப் போய்விடும். ஆனால் என் டிரைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான் அதிகம். ஃபார்மேட் செய்த நொடியிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப நகலெடுத்து முடிக்கும் வரை பேக்கப் மட்டுமே ஒரே பிரதியாக நிற்கும். அந்த நேரத்தில் அந்த டிஸ்க்குக்கு ஏதாவது ஆனால் வருடக்கணக்கான படங்கள் போய்விடும். நான்கைந்து பிடிவாதமான ஃபைல்களுக்காக அந்த நிலைமையை உண்டாக்க எனக்கு மனமில்லை.

பாதியில் நின்ற வீடியோ

முதலில் மாட்டியது பாதி மட்டும் இறங்கிய ஒரு எம்பி4 வீடியோ. வேறு புரோகிராமில் திறந்திருக்கிறது என்று செய்தி வந்தது. பிளேயர் எதுவும் ஓடவில்லை. டவுன்லோட் புரோகிராமும் மூடியிருந்தது.

விண்டோஸில் ஒரு புரோகிராம் ஃபைலைத் திறக்கும்போது, தான் திறந்து வைத்திருக்கும் வரை மற்றவர்கள் இதைப் படிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா என்று சேர்த்தே சொல்லிவிடும். அழிக்க அனுமதி தராமல் ஒரே ஒரு புரோகிராம் திறந்திருந்தாலும் போதும், நமக்கு 32-ஆம் எண் பிழை வரும். ஆகவே கண்டுபிடிக்க வேண்டியது, திறந்து வைத்திருப்பது யார் என்பதை.

அதற்கு ரிசோர்ஸ் மானிட்டர் போதும். ஸ்டார்ட் மெனுவில் பெயரைத் தட்டினாலே வந்துவிடும். சிபியு டேபில் அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் என்ற பகுதியில் ஒரு தேடல் பெட்டி இருக்கும். ஹேண்டில் என்பது, ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் ஃபைலுக்கு விண்டோஸ் அதற்குக் கொடுக்கும் எண். அதில் ஃபைல் பெயரின் ஒரு பகுதியைத் தட்டினால், அதைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராம்களின் பட்டியல் வரும். எனக்கு வந்தது டிஎல்எல்ஹோஸ்ட். டாஸ்க் மேனேஜரில் காம் சரோகேட் என்று தெரிவதும் இதுதான்.

இது வைரஸ் இல்லை. ஃபோல்டரைத் திறந்ததும் வீடியோக்களுக்குச் சின்னப் படம் காட்டுகிறதே எக்ஸ்புளோரர், அந்த வேலையைச் செய்யும் கோடெக் (வீடியோவைப் பிரித்துப் படிக்கும் மென்பொருள்) ஏதாவது குழம்பி விழுந்தால் எக்ஸ்புளோரரும் சேர்ந்து விழாமல் இருக்க, அதைத் தனி புரோசஸில் ஓட்டுகிறது விண்டோஸ். அந்தத் தனி புரோசஸ்தான் காம் சரோகேட். பல எம்பி4 ஃபைல்களில் வீடியோவின் நீளம், ஒவ்வொரு ஃபிரேமும் எங்கே இருக்கிறது போன்ற விவரங்கள் ஃபைலின் கடைசியில் இருக்கும். பாதி இறங்கிய ஃபைலில் அந்தக் கடைசிப் பகுதியே கிடையாது. சின்னப் படம் எடுக்கப் போன கோடெக் அதைத் தேடிக்கொண்டே ஃபைலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. நான் அழிப்பதற்காக ஃபோல்டரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதே வேலை மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தது.

செய்தது இவ்வளவுதான். அந்த ஃபோல்டரின் வியூவை டீட்டெய்ல்ஸுக்கு மாற்றினேன், சின்னப் படங்கள் நின்றன. ஆல்ட், பி இரண்டையும் சேர்த்து அழுத்தி முன்னோட்டப் பகுதியை மூடினேன். ரிசோர்ஸ் மானிட்டர் காட்டிய அந்த டிஎல்எல்ஹோஸ்டை மட்டும் எண்ட் புரோசஸ் கொடுத்தேன். தேவைப்பட்டால் விண்டோஸ் அதைத் தானே மறுபடி தொடங்கிக்கொள்ளும். அதன் பிறகு ஃபைல் உடனே அழிந்தது.

இதே தேடலில் பிடித்து வைத்திருப்பது சிஸ்டம் என்று, 4 என்ற புரோசஸ் எண்ணோடு வந்தால், அதே ஃபைலை நெட்வொர்க் வழியாக வேறு கம்ப்யூட்டர் திறந்திருக்க வாய்ப்பு உண்டு. கம்ப்யூட்டர் மேனேஜ்மெண்டில் ஷேர்ட் ஃபோல்டர்ஸ், அதற்குள் ஓபன் ஃபைல்ஸ் பகுதியைப் பார்க்க வேண்டும்.

ரிசோர்ஸ் மானிட்டரைவிட வசதியானது புரோசஸ் எக்ஸ்புளோரர். மார்க் ருசினோவிச் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ளது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டதால் இப்போது மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே எடுக்கலாம். மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவித் தொகுப்பான பவர்டாய்ஸில் 2022-இல் சேர்ந்த ஃபைல் லாக்ஸ்மித் இன்னும் எளிது. ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்தால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டிவிடும்.

புரோசஸ் எக்ஸ்புளோரரில் ஒரு ஹேண்டிலை மட்டும் பிடுங்கி மூடிவிடும் வசதியும் உண்டு. அதை நான் தொடுவதில்லை, மற்றவர்களும் தொட வேண்டாம் என்றே சொல்வேன். அந்தப் புரோகிராமுக்குத் தன் ஹேண்டில் போனது தெரியாது. அதே ஹேண்டில் எண் அடுத்து வேறொரு ஃபைலுக்குக் கிடைக்கலாம். பழைய ஃபைல் என்று நினைத்து அது எழுதுவது புதிய ஃபைலுக்குள் போய் விழும். ஒரு ஃபைலை அழிக்கப் போய் இன்னொன்றைக் கெடுத்துவிடுவோம். புரோகிராமை முறையாக மூடுவதோ, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்வதோ எவ்வளவோ மேல்.

லினக்ஸ் பழகியவர்களுக்கு இதெல்லாம் வினோதமாகத் தெரியும். அங்கே அழிக்கும் கட்டளையான ஆர்எம் கொடுத்தால் ஃபோல்டரிலிருந்து பெயர் மட்டும் நீங்கும். யாராவது திறந்திருந்தால் அவர்களிடம் ஃபைல் உயிரோடு இருக்கும், அவர்கள் மூடியதும் இடம் விடுபடும். அங்கே வரும் சிக்கல் இதற்கு நேர் எதிர்: பெரிய லாக் ஃபைலை அழித்த பிறகும் டிஸ்க்கில் இடம் கூடாமல் இருக்கும். அப்போது எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் +எல்1 சேர்த்துப் பார்த்தால், பெயர் போன பிறகும் திறந்திருக்கும் ஃபைல்கள் தெரியும்.

அனுமதி மறுப்பு, ஆனால் அனுமதிப் பிரச்சினை இல்லை

அடுத்தது, எப்போதோ அன்இன்ஸ்டால் செய்த ஒரு புரோகிராமின் ஃபோல்டர். உள்ளே ஒரே ஒரு டிஎல்எல் (புரோகிராம்கள் ஏற்றிக்கொள்ளும் துணை ஃபைல்) மட்டும் மிச்சம். அழிக்கப் போனால் 5-ஆம் எண், அனுமதி மறுப்பு. இதைப் பார்த்ததும் பலர் உரிமையை மாற்றும் கட்டளைகளுக்குப் போய்விடுவார்கள். அதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் புரோகிராமின் எக்ஸி ஃபைலையோ நினைவகத்தில் ஏற்றப்பட்ட டிஎல்எல்லையோ அழிக்கப் போனாலும் விண்டோஸ் சொல்வது 32 அல்ல, 5. ஆகவே அனுமதி மறுப்பு என்ற செய்தி எப்போதும் அனுமதியைப் பற்றியது அல்ல.

ரிசோர்ஸ் மானிட்டரில் இதற்கு அசோசியேட்டட் மாட்யூல்ஸ் பகுதியைப் பார்க்க வேண்டும். ஹேண்டில்ஸ் பட்டியலில் இது வராமல் போகலாம். பிடித்து வைத்திருந்தது எக்ஸ்புளோரரேதான். ரைட் கிளிக் மெனுவில் தன் பெயரைச் சேர்த்துக்கொண்ட புரோகிராம் அது. அன்இன்ஸ்டால் ஆனபோது மெனுப் பதிவை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதனால் எக்ஸ்புளோரர் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அந்த டிஎல்எல்லை ஏற்றிக்கொண்டே இருந்தது.

இங்கே பலருக்குத் தெரியாத ஓர் எளிய வழி இருக்கிறது. ஏற்றப்பட்ட டிஎல்எல்லை அழிக்க முடியாது, ஆனால் அதே டிரைவுக்குள் பெயர் மாற்ற முடியும். பெயரின் கடைசியில் பழையது என்று சேர்த்தேன், மறுப்பே இல்லாமல் மாறியது. டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்புளோரரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் கொடுத்தேன். புதிதாக வந்த எக்ஸ்புளோரர் பழைய பெயரைத் தேடி, கிடைக்காமல் விட்டுவிட்டது. அப்புறம் டெலிட் கொடுத்ததும் போய்விட்டது.

பெயர் மாற்றவும் விடாத ஃபைல் என்றால் சிஸ்இன்டர்னல்ஸின் மூவ்ஃபைல் கருவி இருக்கிறது. அது அழிக்க வேண்டிய ஃபைலின் பெயரை, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு பட்டியலில் எழுதி வைக்கும். அடுத்த முறை விண்டோஸ் தொடங்கும்போது, சாதாரண புரோகிராம்கள் எதுவும் எழுந்திருக்காத நேரத்தில், செஷன் மேனேஜர் அந்தப் பட்டியலைப் படித்து அழித்துவிடும். புரோகிராம்களை நிறுவியதும் ரீஸ்டார்ட் செய்யச் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இதே பட்டியல்தான் இருக்கிறது.

இன்னொரு நிலையும் வரும். டெலிட் கொடுத்ததும் ஏற்றுக்கொண்ட மாதிரி இருக்கும், ஆனால் பெயர் அங்கேயே நிற்கும், தொட்டால் அனுமதி மறுப்பு. அழிக்கும் உத்தரவு பதிவாகி, கடைசி ஹேண்டில் மூடுவதற்காகக் காத்திருக்கும் நிலை அது. உரிமையோடு மல்லுக்கட்ட வேண்டாம், ரீஸ்டார்ட் செய்தால் தானே மறைந்துவிடும்.

பழைய விண்டோஸின் யூசர்ஸ் ஃபோல்டர்

உண்மையான உரிமைப் பிரச்சினை இங்கேதான் வந்தது. இந்த டிஸ்க்கில் ஒரு காலத்தில் விண்டோஸே இருந்தது. அப்போதைய பயனர்களின் ஃபோல்டர்கள் அப்படியே இருந்தன. செக்யூரிட்டி டேபைத் திறந்தால் பெயருக்குப் பதில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண். அந்தக் கணக்கு பழைய நிறுவலோடு போய்விட்டது. எண் மட்டும் ஃபைல்களில் தங்கியிருக்கிறது.

நேராக உரிமையை எடுத்துக்கொண்டு மொத்தமாக அழித்துவிடலாம் என்றுதான் தோன்றும். நான் அதற்கு முன் ஜங்ஷன்களைப் பார்த்தேன். இந்த முழு வேலையிலும் நான் மிகவும் பயந்து செய்த பகுதி இதுதான்.

விண்டோஸ் விஸ்டாவிலிருந்து பயனர் ஃபோல்டர்களின் அமைப்பு மாறியது. பழைய புரோகிராம்கள் பழைய பெயர்களைத் தேடி வந்தால் ஏமாறாமல் இருக்க, அந்தப் பெயர்களில் ஜங்ஷன் எனப்படும் மறைவான வழிகாட்டிகளை விண்டோஸ் வைத்தது. உதாரணமாக, பயனர் ஃபோல்டரின் உள்ளே வரும் லோக்கல் என்ற ஃபோல்டருக்குள் அப்ளிகேஷன் டேட்டா என்று ஒன்று இருக்கும். அது அதே லோக்கல் ஃபோல்டரையே காட்டும். உள்ளே நுழைந்து போகும் ஏதாவது ஒரு கருவி சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். இதைத் தடுக்கத்தான் விண்டோஸ் அந்த ஜங்ஷன்களின் உள்ளே யாரும் பட்டியல் பார்க்க முடியாதபடி தடை போட்டு வைத்திருக்கிறது. கண்மூடித்தனமாக உரிமையை மாற்றினால் அந்தத் தடையும் போய்விடும்.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஜங்ஷனுக்குள் எழுதியிருப்பது முழுப் பாதை. அந்த டிஸ்க் சி டிரைவாக இருந்தபோது எழுதியது என்பதால் அது சி: என்றே தொடங்கும். இப்போது சி: என்பது என் நடப்பு விண்டோஸ். இரண்டிலும் பயனர் பெயர் ஒன்றாகவே இருந்தால், பழைய டிரைவில் இருக்கும் ஜங்ஷன் இன்று நான் பயன்படுத்தும் ஃபோல்டரைக் காட்டும். ஜங்ஷனுக்குள் நுழைந்து அழிக்கும் ஒரு கருவி, பழையதை விட்டுவிட்டு இன்றைய ஃபைல்களை அழித்துவிடும்.

ஆகவே கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தேன். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவின் எண் எஸ்-1-5-32-544 என்று எல்லா விண்டோஸிலும் ஒன்றே. அதனால் பழைய நிறுவலின் ஃபைல்களிலும் அந்தக் குழுவுக்குப் பெரும்பாலும் உரிமை இருக்கும். பட்டியல் எடுத்தது இப்படி:

டிர் /ஏஎல் /எஸ் "ஈ:\யூசர்ஸ்"

ஜங்ஷன் ஒவ்வொன்றும் தன் இலக்கோடு வந்தது. எதிர்பார்த்தபடியே எல்லாம் சி: என்று தொடங்கின. ஒவ்வொன்றையும் ஆர்டி கட்டளையால், /எஸ் சேர்க்காமல், நீக்கினேன். அப்படிக் கொடுத்தால் வழிகாட்டி மட்டும் போகும், அது காட்டும் இடத்தை எதுவும் செய்யாது. மறுபடி பட்டியல் எடுத்து ஒன்றும் மிச்சமில்லை என்று உறுதி செய்த பிறகுதான் உரிமைக்குப் போனேன்:

டேக்ஓன் /எஃப் "ஈ:\யூசர்ஸ்" /ஆர் /டி ஒய்
ஐகேக்ல்ஸ் "ஈ:\யூசர்ஸ்" /கிராண்ட் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்:எஃப் /டி

முதலாவது ஃபைல்களின் உரிமையாளராக நம்மை ஆக்குகிறது. உரிமையாளர் ஆவதால் மட்டும் அழிக்கும் அனுமதி வந்துவிடாது. அனுமதியை மாற்றும் உரிமைதான் வரும். அதனால்தான் இரண்டாவது கட்டளை தேவை. அதன் எழுத்துகள் ஐ-சி-ஏ-சி-எல்-எஸ். இந்த இரண்டையும் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸின் ஃபோல்டரிலோ புரோகிராம் ஃபைல்ஸிலோ ஒருபோதும் ஓட்டாதீர்கள். அங்கே உரிமையாளர் டிரஸ்டட்இன்ஸ்டாலர் (விண்டோஸின் நிறுவல் சேவை) என்று இருப்பது பாதுகாப்புக்காக. அப்டேட் செய்த பிறகு சி டிரைவில் தங்கும் பழைய விண்டோஸ் ஃபோல்டரை டிஸ்க் கிளீனப் மூலம் அழிப்பதே முறை.

இதில் தமிழ்ப் பெயர் வைத்த ஒரு படத் தொகுப்பு ஃபோல்டர் தனியாகத் தொல்லை கொடுத்தது. கோடைப் படங்கள் என்று பெயர். கமாண்டில் அந்தப் பெயரைத் தட்டினால் அப்படி ஒன்று இல்லை என்றது. கண்ணுக்கு எதிரே இருக்கிறது. காரணம், எழுத்துகளுக்குக் குறியீடு கொடுக்கும் முறையான யூனிகோடில். கோ என்பதை ககரத்தோடு ஓகாரக் குறி என்ற ஒரே குறியீடு சேர்த்தும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் இவற்றை ஒன்றாகக் கருதாது. பழைய மேக் கம்ப்யூட்டர்களின் ஹெச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமிக்கும். அங்கிருந்து ஜிப் ஆகி வந்த ஃபோல்டர் அப்படியே பிரிந்த பெயரோடு உட்கார்ந்திருந்தது. என் கீபோர்டு தட்டுவது சேர்ந்த வடிவம். தீர்வு சுலபம். பெயரைத் தட்டாமல், அந்த இடத்தில் டேப் கீயை அழுத்திக்கொண்டே போனால் கமாண்ட் பிராம்ப்ட்டே உள்ள பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும். தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தாலும் உள்ளே சரியான எழுத்துகள்தான் இருக்கும்.

புள்ளியில் முடியும் பெயர், நல் என்ற பெயர்

பாடல் தொகுப்புகளில் ஒன்றின் பெயர் ஒரு புள்ளியில் முடிந்தது. திறந்தால் திறக்காது. அழித்தால், இந்த உருப்படி இப்போது இங்கே இல்லை, இடத்தைச் சரிபார்க்கவும் என்று சொல்லும். பெயர் மாற்றவும் விடாது.

விண்டோஸ் ஒரு பாதையை வாங்கியதும் முதலில் அதைச் செம்மைப்படுத்தும். பெயரின் கடைசியில் உள்ள புள்ளிகளையும் இடைவெளிகளையும் வெட்டிவிடும். என்டிஎஃப்எஸ்ஸுக்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. லினக்ஸ், மேக், சில ஆர்க்கைவ் புரோகிராம்கள் ஆகியவை அந்தச் செம்மைப்படுத்தலைத் தாண்டி இப்படிப் பெயரை உருவாக்கிவிடும். பிறகு நாம் அழிக்கச் சொன்னால், விண்டோஸ் புள்ளியை வெட்டிவிட்டு, புள்ளி இல்லாத ஒரு ஃபோல்டரைத் தேடி, இல்லை என்கிறது. விண்டோஸ் பொய் சொல்லவில்லை. நாம் சொன்ன பெயர் அதன் உள்ளே போய்ச் சேரவே இல்லை.

பாதையின் முன்னால் \\?\ என்று சேர்த்தால் அந்தச் செம்மைப்படுத்தல் நடக்காது. எழுதியது எழுதியபடியே ஃபைல் சிஸ்டத்துக்குப் போகும். முதலில் அதே பாதையை டிர் கட்டளைக்குக் கொடுத்து உள்ளே இருப்பது என்ன என்று பார்த்தேன். அப்புறம்:

ஆர்டி /எஸ் "\\?\ஈ:\பாடல்\தொகுப்பு."

உறுதிதானா என்று கேட்கும், ஒய் கொடுத்தால் முடிந்தது. முழுப் பாதையும் டிரைவ் எழுத்திலிருந்து கொடுக்க வேண்டும். பாதிப் பாதை இந்த முறையில் செல்லாது. டிர் /எக்ஸ் கொடுத்தால் சில டிரைவ்களில் எட்டு எழுத்துக் குறும்பெயரும் தெரியும்; அதை வைத்தும் அழிக்கலாம்.

வேறொரு ஃபோல்டரில் நல் (என்-யு-எல்) என்ற பெயரில், எக்ஸ்டென்ஷன் இல்லாமல் ஒரு ஃபைல். விண்டோஸில் கான், பிஆர்என், ஆக்ஸ், நல், காம்1 முதல் காம்9, எல்பிடி1 முதல் எல்பிடி9 வரை உள்ள பெயர்கள் ஃபைல் பெயர்கள் அல்ல, சாதனங்களின் பெயர்கள். விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸின், 1981-இல் வந்த முதல் பிசி பதிப்பில் துணை ஃபோல்டர்களே கிடையாது. இருந்த ஒரே இடத்தில் சாதனப் பெயர்களும் இருந்தன. 1983-இல் டாஸ் 2.0 ஃபோல்டர்களைக் கொண்டுவந்தபோது, பழைய புரோகிராம்கள் தொடர்ந்து ஓட வேண்டும் என்பதற்காக அந்தப் பெயர்கள் எல்லா ஃபோல்டர்களிலும் செல்லுபடியாகும்படி விட்டுவிட்டார்கள். அந்த முடிவின் தாக்கம் இன்று வரை தொடர்கிறது. விண்டோஸுக்காக எழுதிய ஸ்கிரிப்டை யூனிக்ஸ் வகைக் கட்டளைச் சூழலில் (ஷெல்) ஓட்டினால், நல் என்ற சாதனத்துக்கு அனுப்பி மறைக்க நினைத்த செய்திகள் நல் என்ற நிஜ ஃபைலாக உருவாகிவிடும். இதற்கும் அதே மருந்து:

டெல் "\\?\ஈ:\புராஜெக்ட்\நல்"

இதுவும் கைகொடுக்காவிட்டால் லினக்ஸ் யுஎஸ்பியிலிருந்து தொடங்கி அழிக்கலாம். புள்ளியும் நல்லும் லினக்ஸுக்குச் சாதாரணப் பெயர்கள். ஆனால் விண்டோஸை ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் செய்ய வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் சாதாரண ஷட்டவுன் பாதி உறக்கம்தான். அந்த நிலையில் உள்ள டிரைவில் லினக்ஸிலிருந்து எழுதுவது ஃபைல் சிஸ்டத்தைக் கெடுக்கும்.

நீளமான பாதை

ஃபோல்டருக்குள் ஃபோல்டராக இறங்கிக்கொண்டே போன ஒரு பழைய புராஜெக்டும் இருந்தது. ஃபைல் பெயர் மிக நீளம் என்று செய்தி வந்தது. பெயர் சின்னதுதான், பாதை முழுவதும் சேர்ந்து 260 எழுத்து வரம்பைத் தாண்டியிருந்தது. விண்டோஸ் 10-இன் 2016 பதிப்பிலிருந்து இந்த வரம்பைத் தளர்த்த ஓர் அமைப்பு உண்டு. ஆனால் புரோகிராமும் அதற்குத் தயாராக இருந்தால்தான் பயன், எக்ஸ்புளோரருக்கு அது உதவுவதில்லை.

மேலே உள்ள ஃபோல்டர்களின் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிக்கொண்டே வந்தாலே பெரும்பாலும் பாதை வரம்புக்குள் வந்துவிடும். எனக்கு அடுக்குகள் அதிகம், அதனால் விண்டோஸோடு வரும் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியை எடுத்தேன். காலி என்று ஒரு வெற்று ஃபோல்டரை உருவாக்கி, அதன் கண்ணாடிப் பிரதியாக அந்த ஃபோல்டரை மாற்றச் சொன்னேன்:

ரோபோகாப்பி "ஈ:\காலி" "ஈ:\புராஜெக்ட்" /மிர் /எக்ஸ்ஜே

வெற்று ஃபோல்டரைப் போலவே ஆக வேண்டும் என்பதால் உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிடும். நீளப் பாதைகளை ரோபோகாப்பி இயல்பாகவே கையாளும். /எக்ஸ்ஜே என்பது ஜங்ஷன்களுக்குள் போகாதே என்பதற்கு. இரண்டாவதாக எழுதும் பாதைதான் காலியாகும். எண்டர் தட்டும் முன் அதை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

சிதைந்த ஃபோல்டர்

கடைசியாக மிஞ்சிய ஃபோல்டரில் 80070570 வந்தது. உரிமை, பெயர், பூட்டு எதுவும் காரணம் இல்லை. ஃபோல்டரின் உள்பட்டியலே சிதைந்திருந்தது. இங்கே அழிப்பதில் அவசரம் காட்டக் கூடாது. இதே சிதைவு வேண்டிய ஃபோல்டர்களிலும் இருக்கலாம். பேக்கப்பில் உள்ள படங்கள் சில திறக்கின்றனவா என்று மறுபடி பார்த்துவிட்டு, டிஸ்க்கைச் சோதிக்கும் கட்டளையான செக்டிஸ்கை முதலில் எந்த ஆப்ஷனும் இல்லாமல் ஓட்டினேன். அப்படி ஓட்டினால் அது படித்துப் பார்க்கும், எதையும் மாற்றாது. பிழை அந்த ஒரு ஃபோல்டரைச் சுற்றியே இருந்தது. அப்புறம்:

செக்டிஸ்க் ஈ: /எஃப்

எழுத்துகள் சி-எச்-கே-டி-எஸ்-கே. இது பட்டியலைச் சரிசெய்தது. எங்கே சேர்ப்பது என்று தெரியாத துண்டுகளை ஃபவுண்ட்.000 என்ற மறைவான ஃபோல்டரில் போட்டது. பிறகு ஃபோல்டர் வழக்கமான டெலிட்டிலேயே அழிந்தது. /ஆர் கொடுத்தால் ஒவ்வொரு செக்டரையும் படிக்கும், பெரிய டிஸ்க்கில் பல மணி நேரம் ஆகும். சாகும் நிலையில் உள்ள டிஸ்க்கில் நகலெடுக்கும் முன் அதை ஓட்டினால் மிச்ச உயிரும் போய்விடலாம்.

அடுத்து, டிஸ்க் தன் ஆரோக்கியத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்குகளைப் பார்த்தேன். மாற்றப்பட்ட செக்டர்களைச் சொல்லும் 5-ஆம் எண்ணும், படிக்க முடியாமல் காத்திருப்பவற்றைச் சொல்லும் 197-ஆம் எண்ணும் பூஜ்யமாகவே இருந்தன. ஏறியிருந்தது 199, டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தகவல் போகும்போது வந்த பிழைகளின் கணக்கு. டிஸ்க்கின் தட்டுகளைவிட கேபிளையும் இணைப்பையும் காட்டும் எண் அது. சாட்டா கேபிளை மாற்றி, டிரைவில் பெரிய ஃபைல்களை நகலெடுத்துப் பார்த்தேன். அந்தக் கணக்கு திரும்ப இறங்காது. ஆனால் அதற்கு மேல் ஏறவில்லை. டிரைவை அப்படியே வைத்துக்கொண்டேன்.